முதன்முறையாக மோட்டார் சைக்கிள் குழுவை முன்னின்று நடத்தப் போகிறவருக்கு

நான் பார்த்த வரையில், குழுப் பயணத்தில் கீழே விழுகிறவர் வேகப் பிரியராக இருப்பது குறைவு. கடைசிக்கு முந்திய வண்டியில் வருகிற, நெடுஞ்சாலைக்குக் கொஞ்சம் புதிய ஆள்தான் பெரும்பாலும் விழுகிறார். முன்னால் போனவர்களின் சிவப்பு விளக்குகள் ஒரு லாரிக்கு அப்பால் மறைகின்றன. அவருக்கு வழி தெரியாது. எல்லோரும் போய்விட்டார்கள், நான் மட்டும் தங்கிவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தனியாக வந்திருந்தால் ஒருநாளும் செய்யத் துணியாத முந்துதலை அந்த நிமிடத்தில் செய்துவிடுகிறார்.

முன்னால் ஓட்டுகிறவரை வண்டிக்காரர்கள் லீட் என்பார்கள், கடைசியில் வருகிறவரை ஸ்வீப் என்பார்கள். லீட் ஆக நீங்கள் செய்ய வேண்டிய எல்லா வேலைகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் யாருக்கும் வராதபடி ஏற்பாடு செய்வது. இங்கே சென்னையிலிருந்து ஏலகிரிக்குப் போகும் ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். வேறு ஊரிலிருந்து புறப்படுகிறவர்கள் ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும்.

வழியும் நாளும்

முதல் பயணத்துக்கு ஏலகிரியை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தூரம் ஏறத்தாழ 230 கி.மீ. ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஏறத்தாழ முழுத் தூரமும் தேசிய நெடுஞ்சாலை 48 வழியாகவே போய்விடலாம். வழி பிரியும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மலைச்சாலை என்றால் என்ன என்று புதியவர்களுக்குக் காட்ட அது போதுமான அளவு, அவர்களைக் களைப்பில் தள்ளாத அளவு. கொல்லிமலையின் 70 வளைவுகளை முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் ஏறிவிடுவீர்கள். உங்கள் பின்னால் வருகிறவரின் கிளட்ச் பிடிக்கும் கை நாற்பதாவது வளைவில் மரத்துப்போயிருக்கும்.

ஒரே நாளில் போய்த் திரும்புவதையும் தவிருங்கள். 460 கி.மீ. என்பது பழகியவருக்கு ஒரு நாள் வேலை. புதியவருக்கு அதன் கடைசி நூறு கிலோமீட்டர் ஆபத்து. சனிக்கிழமை விடியலில் புறப்பட்டு, இரவு மேலே தங்கி, ஞாயிறு திரும்புங்கள்.

குழுவை அழைத்துப் போகுமுன் நீங்கள் ஒருமுறையாவது அந்தச் சாலையில் தனியாகப் போய் வர வேண்டும். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். எந்தப் பெட்ரோல் நிலையத்தில் ஏழு வண்டிகள் நிற்க இடமிருக்கிறது, எங்கே பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இருக்கிறது, எந்த இடத்தில் சாலைப் பணிக்காகத் திடீரென்று சர்வீஸ் சாலைக்கு இறக்கிவிடுகிறார்கள் என்பதையெல்லாம் வரைபடம் சொல்லாது. இன்னொரு விஷயம்: ஏலகிரி மலை ஏறத் தொடங்கும் ஊர் பொன்னேரி. சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்திலும் ஒரு பொன்னேரி இருக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் பெயரை மட்டும் தட்டுகிறவர் நேர் எதிர்த்திசையில் போய்விடுவார். ஆகவே ஊர்ப் பெயராகச் சொல்லாமல், இடத்தின் இணைப்பையே எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள்.

எத்தனை பேர்

முதன்முறை என்றால் உங்களையும் சேர்த்து ஏழு வண்டிகள். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். பத்துப் பேர் வருகிறோம் என்றால் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி லீட், தனி ஸ்வீப் வைத்து, கால் மணி நேர இடைவெளியில் புறப்படச் செய்யுங்கள்.

ஏன் என்று கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 20 மீட்டர் போகிறது. ஏழு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு விநாடி இடைவெளி விட்டு ஒரு வேகத்தடையைக் கடக்கின்றன என்று வையுங்கள். நீங்கள் கடந்து 12 விநாடிக்குப் பிறகுதான் ஸ்வீப் கடப்பார். கடந்தவுடன் நீங்கள் கைப்பிடியை முறுக்கிப் பழைய வேகத்தைப் பிடித்தால், அவர் உங்களுக்கு 200 மீட்டருக்கும் மேல் பின்னால் இருப்பார். அதைச் சரிக்கட்ட அவரும் அவருக்கு முன்னால் இருப்பவரும் 90, 100 என்று விரட்ட வேண்டியிருக்கும். லீட் 70-இல் நிதானமாகப் போய்க்கொண்டிருப்பார், கடைசி ஆள் பயணம் முழுதும் துரத்திக்கொண்டே வருவார். முன்னால் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. புது லீட்கள் எல்லோரும் கடைசி வண்டியில் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இதற்கு மருந்து எளியது. வேகத்தடை, சுங்கச் சாவடி, ஊர்ச் சந்தி எதைக் கடந்தாலும் 40-இலேயே உருளுங்கள். கண்ணாடியில் ஸ்வீப்பின் விளக்கு தெரிந்த பிறகு வேகம் எடுங்கள்.

யார் எந்த இடத்தில்

ஸ்வீப் ஆகக் குழுவிலேயே நன்றாக ஓட்டுகிறவரைப் போடுங்கள். லீட் ஆவதற்குக்கூட அத்தனை திறமை வேண்டியதில்லை. பஞ்சர் போடத் தெரிந்தவர், பதறாதவர், யாரையும் முந்த வேண்டும் என்ற ஆசை அடங்கியவர்தான் அந்த இடத்துக்கு ஏற்றவர். ஸ்வீப் எக்காரணம் கொண்டும் குழுவில் ஒருவரையும் முந்தக் கூடாது. அவர் பின்னால் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் மற்ற எல்லோரும் ஓட்டுகிறார்கள்.

உங்களுக்கு நேர் பின்னால், இரண்டாவது இடத்தில், குழுவிலேயே புதியவர். உங்கள் கண்ணாடியில் எப்போதும் அவர் தெரிவார். அவரால் எந்த வேகத்தில் சிரமமில்லாமல் ஓட்ட முடிகிறதோ அதுதான் குழுவின் வேகம். மூன்றாவது, நான்காவது இடங்களில் வழி தெரிந்த இருவர். பின்னிருக்கையில் ஆளை ஏற்றி வருகிறவர்கள் நடுவில்.

அந்த மூன்றாவது, நான்காவது ஆட்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் அவர்களில் ஒருவர் இடது ஓரமாக, தூரத்திலிருந்தே தெரியும்படி வண்டியை நிறுத்திக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கையால் வழி காட்ட வேண்டும். ஸ்வீப் வரும்வரை அங்கிருந்து நகரக் கூடாது. ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். அடுத்த பிரிவில் மற்றவர் நிற்பார். வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இடதுபுறம் திருப்பத்தூர் சாலைக்குத் திரும்புகிற இடத்தில் இது கட்டாயம். நேராகப் போய்விட்டால் அடுத்தது கிருஷ்ணகிரி. இந்த ஏற்பாட்டைப் புறப்படுமுன் எல்லோருக்கும் விளக்கிவிட்டால் போதும். ‘திருப்பத்தில் நம் ஆள் நிற்பார், நிற்கவில்லை என்றால் நேரே போ’ என்று தெரிந்தவர் எவரையும் துரத்த மாட்டார்.

புறப்படும் முன்

பூந்தமல்லி தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் அதிகாலை நாலரைக்குக் கூடுங்கள். முழு டாங்க் நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வேலூரில் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் ஒன்றாக மறுபடி நிரப்ப வேண்டும். ஒவ்வொருவர் டாங்க் காலியாகும்போதும் குழு நின்றால் பொழுது பெட்ரோல் நிலையங்களிலேயே போய்விடும்.

வண்டிகளைச் சுற்றி நடந்து பாருங்கள். டயரில் காற்று, செயின் தொய்வு, பின்பக்க பிரேக் விளக்கு, இரு பக்கக் கண்ணாடிகள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன்விளக்கு தானாகவே எரியும். பழைய வண்டிக்காரர்களைப் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் முதல் பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வண்டிகள், இருட்டில் புறப்பட்டோம். கண்ணாடியில் ஐந்து விளக்குகள். எண்ணினேன், சரியாக இருந்தது. நிம்மதியாகப் போனேன். காஞ்சிபுரம் பிரிவு தாண்டி விடிந்தபோதுதான் தெரிந்தது, கடைசி விளக்கு எங்கள் வண்டி இல்லை. வேலைக்குப் போகும் யாரோ ஒருவர், எங்கள் வரிசையோடு இருந்தால் பாதுகாப்பு என்று சேர்ந்து வந்திருந்தார். எங்கள் ஸ்வீப் 12 கி.மீ. பின்னால், டயரில் ஆணியோடு, இருட்டில் தனியாக நின்றிருந்தார். அன்று தேநீர்க் கடையில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு பயணத்திலும் புறப்படுமுன் ஏழு வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, எதிரே இருபதடி தள்ளி நின்று விளக்குகளைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்கிறேன். ஒன்று மஞ்சள் வட்டம், ஒன்று வெள்ளை எல்இடி, இன்னொன்றில் இரட்டை விளக்கு, ஒன்று சற்றே மேல்நோக்கி எரிகிறது. ஸ்வீப்பின் வண்டியில் மட்டும் கூடுதலாக மஞ்சள் விளக்கு ஒன்று பொருத்திக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டு நிமிட வேலை.

பிறகு எல்லோரையும் வட்டமாக நிறுத்திப் பேசுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் காதில் ஏறாது. வரிசை, வேகம், நிற்கும் இடங்கள், திருப்பத்தில் நிற்பவர் பற்றிய விதி, இவை போதும். சைகைகளும் நான்குக்கு மேல் வேண்டாம்: இடக்கையை உயர்த்தினால் நிற்கப் போகிறோம், ஒரு விரல் காட்டினால் ஒற்றை வரிசை, டாங்க்கைத் தொட்டுக் காட்டினால் பெட்ரோல், எந்தப் பக்கம் பள்ளமோ ஜல்லியோ கிடக்கிறதோ அந்தப் பக்கக் காலை நீட்டுவது. பள்ளத்தைக் கையால் காட்டச் சொல்லும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பள்ளம் வரும்போதுதான் இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்க வேண்டும். பின்னாலிருப்பவருக்குச் சிக்கல் என்றால் முன்விளக்கைச் சிமிட்டுவார். அதைப் பார்த்தவர் தனக்கு முன்னால் இருப்பவருக்குச் சிமிட்ட, அது உங்கள் வரைக்கும் வந்து சேரும்.

ஒவ்வொருவரும் பெயர், ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய தாளை மேல்சட்டையின் இடப் பையில் வைத்திருக்க வேண்டும். அதன் நகல் உங்களிடமும் ஸ்வீப்பிடமும்.

கடைசியாக, மனம் கடினப்பட்டுச் செய்ய வேண்டிய ஒன்று. செருப்போடு வந்தவரை, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத தொப்பி போன்ற ஹெல்மெட்டோடு வந்தவரை, முந்தின இரவு குடித்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கியவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். நண்பராக இருப்பார். உறவினராகக்கூட இருப்பார். முகம் சுளிப்பார், நாலு நாள் பேசமாட்டார். பரவாயில்லை. இதைச் சொல்ல வாய் வராது என்று தோன்றினால், லீட் பொறுப்பை இப்போதைக்கு ஏற்காதீர்கள்.

நெடுஞ்சாலையில்

நீங்கள் தடத்தின் வலப்பாதியில் ஓட்டுங்கள். இரண்டாவது வண்டி இடப்பாதியில், உங்களுக்கு ஒரு விநாடி பின்னால். மூன்றாவது மீண்டும் வலப்பாதியில், உங்களுக்கு நேர் பின்னால் இரண்டு விநாடி தள்ளி. இந்த ஏறுமாறு வரிசை நேரான, அகலமான சாலைக்கு மட்டும். சாலை குறுகினாலோ வளைந்தாலோ ஒற்றை வரிசை. ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பேசிக்கொண்டு வருவதற்கு இடமே இல்லை.

இடது ஓரத்தையே ஒட்டிப் போகாதீர்கள். ஊர்கள் வரும் இடங்களில் எதிர்த்திசையில் அந்த ஓரமாகத்தான் இருசக்கர வண்டிகள் வருகின்றன. விளக்கில்லாமல் நிற்கும் லாரிகளும் அங்கேதான். மேற்கு நோக்கிப் போகிறோம், காலை வெயில் நம் முதுகில் இருக்கிறது, நமக்குச் சாலை பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எதிரே வருகிறவருக்கும், சாலையைக் கடக்க நம் பக்கம் பார்க்கிறவருக்கும் சூரியன் கண்ணில். அவர்களுக்கு நாம் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

முந்தும்போது ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்துத் தானே முடிவெடுத்து முந்த வேண்டும். ‘வா’ என்று பின்னால் இருப்பவருக்குக் கை காட்டாதீர்கள். நீங்கள் பார்த்த காலி இடம் அவர் வரும்போது காலியாக இருக்காது. லாரியைக் கடந்ததும் உடனே இடப்பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைப்பது புது லீட்கள் செய்யும் தவறு. அடுத்து வருகிறவர் ஒதுங்க இடமில்லாமல் லாரிக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வார். அதே வேகத்தில் கொஞ்ச தூரம் போய், மூன்று நான்கு வண்டிகளுக்கு இடம் விட்டபிறகு நிதானப்படுங்கள்.

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. இடது கோடியில் நமக்கென்று ஒரு குறுகிய வழி இருக்கும். அங்கே ஒற்றை வரிசையாகப் போங்கள். எண்ணெய் சிந்திக் கிடக்கும், முன் பிரேக்கைச் சடாரென்று பிடிக்கக் கூடாது.

60 அல்லது 70 கி.மீ.க்கு ஒருமுறை நில்லுங்கள், யாரும் கேட்காவிட்டாலும். புதியவர் கேட்க மாட்டார், வெட்கப்படுவார். நின்றதும் முதல் வேலை ஆட்களை எண்ணுவது. இரண்டாவது, உங்களுக்குப் பின்னால் வந்தவரின் கையைப் பார்ப்பது. கையுறையைக் கழற்றியதும் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கிறாரா? உள்ளங்கையில் கைப்பிடியின் வரிகள் அச்சாகப் பதிந்திருக்கின்றனவா? இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். வேகம் அதிகம் என்று அவர் வாய் சொல்லாது, கை சொல்லும். அடுத்த பகுதியில் ஐந்து கி.மீ. குறைத்து ஓட்டுங்கள்.

மலையில்

பொன்னேரியில் நின்று, தண்ணீர் குடித்து, மறுபடி ஐந்து நிமிடம் பேசுங்கள். இனி ஒற்றை வரிசை, இடைவெளி இரண்டு மடங்கு. ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை உண்டு என்றாலும் அதை நம்பி வளைவில் நுழையாதீர்கள். இறங்கி வரும் பஸ்ஸுக்கு முழு வளைவும் வேண்டும். வளைவுக்கு முன்னால் ஒலிப்பான் அடித்து, பஸ்ஸின் முகப்பு தெரிந்தால் கீழேயே நின்றுவிடுங்கள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது இடப்பக்க வளைவில். நாம் இடது ஓரமாகப் போவதால் அது உள்வளைவு. வலப்பக்க வளைவைவிடக் குறுகல், செங்குத்து. பாதி திரும்பியதும் வண்டி திணறுகிறது, பயந்து கிளட்சைப் பிடிக்கிறார், இழுவை போய்விடுகிறது, கண் சாலையோரக் கல்லுக்குப் போகிறது, கண் போன இடத்துக்கே வண்டியும் சாய்கிறது. விழுவது மெதுவாகத்தான், ஆனால் கால் அடியில் மாட்டிக்கொள்ளும். இதற்கு முன்கூட்டியே மூன்று விஷயங்கள் சொல்லுங்கள்: வளைவுக்கு முன்பே முதல் கியர், வளைவுக்குள் கிளட்சை முழுதாகப் பிடிக்காமல், லேசான முறுக்கலோடு பின் பிரேக்கை மட்டும் மெல்லத் தொடுவது, கழுத்தைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பார்ப்பது. மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் முன்னால் போகும்போது தலையை நன்றாகத் திருப்பிக் காட்டுங்கள். பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்து அதையே செய்வார்.

ஏலகிரியின் வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. யாராவது நின்றுவிட்டால் ‘பாரி வளைவுக்கு மேலே நிற்கிறேன்’ என்று சொன்னால் போதும், தேட வேண்டியதில்லை. பலகைகளைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடக் கூடாது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும்.

வண்டி நின்றுபோனால், ஆள் விழுந்தால்

ஒரு வண்டி பழுதானால் ஸ்வீப் மட்டும் அவரோடு நிற்பார். ஏழு பேரும் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடி நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை. நீங்கள் மற்றவர்களோடு அடுத்த பெட்ரோல் நிலையம் அல்லது தேநீர்க் கடை வரை போய் அங்கிருந்து பேசுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் உண்டு.

விழுந்துவிட்டால் முதலில் ஒருவர் பின்னால் ஓடிப்போய் வரும் வாகனங்களைத் தடுக்க வேண்டும். ஒருவர் 108-ஐ அழைத்து, கிலோமீட்டர் கல்லின் எண்ணையோ வளைவின் பெயரையோ சொல்ல வேண்டும். அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாமல், தலையும் கழுத்தும் அசையாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். வழியில் உதவ வருகிறவர்கள் போலீஸ் வழக்குக்குப் பயந்து தயங்குவதுண்டு. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைக் காக்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

திரும்பும்போது

ஞாயிறு காலை ஒன்பதுக்கு முன் புறப்பட வேண்டாம். இப்போது கிழக்கு நோக்கிப் போகிறோம், வெயில் நேரே கண்ணில் அடிக்கும். ஹெல்மெட்டில் கறுப்பு வைசர் (முகக்கண்ணாடி) உள்ளவரும் தெளிவான வைசர் ஒன்றைக் கையோடு வைத்திருக்கட்டும். மாலைவரை இழுத்தடிக்கவும் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நகரத்துக்குள் போகும் ஞாயிறு மாலை நெரிசல் களைத்த உடம்புக்கு ஆகாது.

ஆம்பூர் வழியில்தான் வருகிறது. பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிடாமல் வாருங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனமில்லை. அளவாகச் சாப்பிடுங்கள், பிறகு முக்கால் மணி நேரம் நிழலில் உட்காருங்கள். உண்ட மயக்கத்தோடு நேரான நெடுஞ்சாலையில் ஏறுவது வளைவுகளைவிட மோசம். கண் சொருகுகிறது என்று ஒருவர் சொன்னால் குழுவே நிற்க வேண்டும்.

குழு பூந்தமல்லிக்கு முன்பே கலையட்டும். நகர நெரிசலில் வரிசை காப்பது முடியாத காரியம், காக்க முயன்றால் சிவப்பு விளக்கைத் தாண்டச் சொல்லும். கடைசியாக ஒருமுறை எண்ணி, எல்லோரிடமும் வீடு சேர்ந்ததும் ஒரு வரி அனுப்பச் சொல்லி விடைகொடுங்கள். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டாலும் கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். வழக்கமாக ஆறு செய்திகளில் ஐந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். வராத ஒருவரை நீங்களே அழைத்துக் கேளுங்கள், வண்டி நிறுத்தியாகிவிட்டதா என்று.